தனியாகப் பாட்காஸ்ட் செய்பவருக்கு எடிட்டிங்: எந்த வேலை முதலில், எந்த வேலை பிறகு

பாட்காஸ்ட் தொடங்க விரும்பும் பலர் பேசுவதற்கு அஞ்சுவதில்லை, எடிட்டிங்குக்குத்தான் அஞ்சுகிறார்கள். மதுரையிலும் அதைச் சுற்றியுள்ள ஊர்களிலும் ஊர் வரலாறு, சமையல், வேளாண்மை, பள்ளிப் பாடம், பக்தி இலக்கியம் என்று ஏதேனும் ஒரு பொருளைப் பற்றி மணிக்கணக்கில் சுவையாகப் பேசக்கூடியவர்கள் நிறையப் பேர் இருக்கிறார்கள். பதிவு செய்யப் போதுமான கைபேசியும் அவர்களிடம் இருக்கிறது. ஆனால் எடிட்டிங் என்ற பேச்சு வந்தவுடன், அது ஸ்டுடியோ வைத்திருப்பவர்களின் வேலை, அதற்கு விலையுயர்ந்த மென்பொருள் வேண்டும் என்று எண்ணி, இரண்டு மூன்று பகுதிகளோடு நிறுத்திவிடுகிறார்கள். நிறுத்தாமல் தொடர்பவர்களிலும் பலர், யாரோ சொன்ன எஃபெக்டுகளை ஒன்றன்மேல் ஒன்றாகப் போட்டு, கேட்க நன்றாக இருந்த தங்கள் குரலைத் தாங்களே கெடுத்துக்கொள்கிறார்கள்.

இரண்டுக்கும் காரணம் ஒன்றுதான். தன்மையால் முற்றிலும் வேறான நான்கு வேலைகளை நாம் எடிட்டிங் என்ற ஒரே பெயரால் அழைக்கிறோம். அவற்றைத் தனித்தனியே புரிந்துகொண்டு, உரிய வரிசையில் செய்தால், ஒலித்துறைப் பயிற்சி இல்லாத ஒருவரும், உதவிக்கு ஆள் இல்லாமலேயே, கேட்பவரைச் சோர்வடையச் செய்யாத ஒரு பாட்காஸ்டை உருவாக்க முடியும். இசை சேர்ப்பது, பலர் பேசும் உரையாடலைப் பல தடங்களில் கோப்பது போன்றவற்றை இங்கே பேசப்போவதில்லை. ஒரு குரல், ஒரு மைக், ஒரு ஆள் என்ற எளிய நிலைக்கு மட்டுமே இந்த விளக்கம்.

## ஒரு பெயர், நான்கு வேலைகள்

மேலூர்ப் பக்கத்தில் சொந்த வயலில் விளைந்த அரிசியைச் சமைப்பவர்கள், அதை அப்படியே உலையில் இடுவதில்லை. முதலில் சுளகில் இட்டுப் புடைத்து, உமியையும் பதரையும் கல்லையும் நீக்குகிறார்கள். பிறகு தண்ணீரில் களைகிறார்கள். அதன்பின் அளவாகத் தண்ணீர் வைத்து வேகவைக்கிறார்கள். கடைசியாக, சாப்பிடுபவருக்கு ஏற்ற பாத்திரத்தில் எடுத்துப் பரிமாறுகிறார்கள். பாட்காஸ்ட் எடிட்டிங்கும் இந்த நான்கு படிகளைக் கொண்டதுதான். வேண்டாத பேச்சை நீக்குவது வெட்டுதல். பேச்சோடு கலந்துவிட்ட மின்விசிறிச் சத்தம் போன்றவற்றைக் குறைப்பது சுத்தம் செய்தல். உரக்க ஒலிக்கும் இடத்தையும் மெதுவாக ஒலிக்கும் இடத்தையும் ஓர் அளவுக்குக் கொண்டுவருவது சமன் செய்தல். கேட்பவருக்கு அனுப்பத் தக்க வடிவில் சேமிப்பது கோப்பாக்குதல்.

இந்த ஒப்புமையில் கவனிக்க வேண்டியவை இரண்டு. முதலாவது, வரிசை. அரிசியை முதலில் நனைத்துவிட்டுப் பிறகு புடைக்க முயன்றால், ஈர அரிசி சுளகோடு ஒட்டிக்கொள்ளும்; உமி பிரியாது. அதுபோலவே, சமன் செய்த பிறகு சுத்தம் செய்ய முயன்றால் வேலை இரட்டிப்பாகும். அதன் காரணம் பின்னர் விளங்கும். இரண்டாவது, எல்லை. மண்ணெண்ணெய் டின்னுக்குப் பக்கத்தில் வைத்த அரிசியில் வாடை ஏறிவிட்டால், புடைத்தாலும் போகாது, களைந்தாலும் போகாது. பதிவில் ஏறிவிட்ட சில குறைகளும் அப்படிப்பட்டவை. எந்தக் குறை உமியைப் போன்றது, எந்தக் குறை வாடையைப் போன்றது என்று பிரித்தறிவதுதான், என் கருத்தில், எடிட்டிங் கற்பவர் முதலில் பெற வேண்டிய அறிவு. மென்பொருளின் பொத்தான்களை அதற்குப் பிறகு கற்றுக்கொள்ளலாம்.

## பதிவு என்பது எண்களின் வரிசை

நாம் பேசும்போது காற்றில் அழுத்தம் கூடிக் குறைகிறது. மைக் அந்த ஏற்ற இறக்கத்தை மின்சாரமாக மாற்றுகிறது. கைபேசியோ கணினியோ அந்த மின்சாரத்தை நொடிக்கு 44,100 முறை அல்லது 48,000 முறை அளந்து, ஒவ்வோர் அளவையும் ஓர் எண்ணாகக் குறித்துவைக்கிறது. அந்த எண்களை வரிசையாக இணைத்துத் திரையில் வரைந்து காட்டுவதுதான் அலைவடிவம். அது பருத்திருக்கும் இடத்தில் குரல் வலுவாகவும், மெலிந்திருக்கும் இடத்தில் மெதுவாகவும் ஒலிக்கும். இடையிலே கோடு தட்டையாகக் கிடந்தால், அங்கே பேச்சு இல்லை.

ஒலியின் வலிமையைக் குறிக்கும் அலகு டெசிபல். கணினிப் பதிவில் இதை நாம் வழக்கமாக எண்ணும் முறைக்கு மாறாக, உச்சவரம்பை 0 என்று வைத்துக்கொண்டு அதற்குக் கீழே எதிர்மறை எண்களால் எண்ணுகிறார்கள். −6 என்பது வரம்புக்குச் சற்றுக் கீழே. −60 என்பது ஏறக்குறைய அமைதி. 0-க்கு மேலே எண் கிடையாது. ஆகவே உரத்த சிரிப்போ இருமலோ அந்த வரம்பைத் தாண்ட முயன்றால், அலையின் உச்சி தட்டையாக அறுபட்டுப் பதிவாகிறது. இதற்குக் கிளிப்பிங் என்று பெயர். அறுபட்ட உச்சியில் என்ன இருந்தது என்பது எங்கும் பதிவாகவில்லை. எனவே பிறகு ஒலியைக் குறைத்தாலும் அந்தக் கரகரப்பு அப்படியே இருக்கும். பேசும்போது உச்சங்கள் −12 முதல் −6 வரை நிற்குமாறு மைக்கின் அளவை வைத்துக்கொள்வது பாதுகாப்பானது. பதிவு சற்று மெதுவாக இருந்தால் கவலையில்லை, பிறகு உயர்த்திக்கொள்ளலாம்.

இதுவரை பார்த்ததைச் சுருக்கினால்: பதிவு என்பது அளவுகளின் வரிசை. மெதுவாகப் பதிவானதை உயர்த்தலாம். வரம்பில் மோதி அறுபட்டதை மீட்க முடியாது.

## இரைச்சல் வேறு, அறையின் முழக்கம் வேறு

பாட்காஸ்ட் செய்பவர்கள் ‘சவுண்டு சரியில்லை’ என்று சொல்லும்போது பெரும்பாலும் இந்த இரண்டையும் ஒன்றாகக் குழப்பிக்கொள்கிறார்கள். பிறகு ஒன்றுக்கான மருந்தை மற்றொன்றுக்குக் கொடுத்து ஏமாறுகிறார்கள்.

மின்விசிறியின் ஓசை, இன்வெர்ட்டரின் ரீங்காரம், மடிக்கணினி சார்ஜரிலிருந்து வரும் மெல்லிய முனகல் ஆகியவை இரைச்சல். நம் நாட்டு மின்சாரம் நொடிக்கு 50 சுழற்சிகளாகத் திசை மாறி மாறி ஓடுவதால், மின்கருவிகளின் ரீங்காரம் 50 ஹெர்ட்ஸிலும் அதன் மடங்குகளான 100, 150 ஆகியவற்றிலும் கேட்கும். ஹெர்ட்ஸ் என்பது ஒரு நொடியில் எத்தனை அதிர்வு என்பதைக் குறிக்கும் அலகு. இந்த வகை இரைச்சலின் சிறப்பு, அது மாறாமல் ஒரே சீராக இருப்பது. நீங்கள் பேசாத ஐந்து நொடியில் அது எப்படி ஒலித்ததோ, பேசும்போதும் அப்படியேதான் ஒலித்துக்கொண்டிருக்கும். எனவே அந்த ஐந்து நொடியை மாதிரியாகக் கொடுத்தால், மென்பொருள் அதன் குணத்தை அறிந்துகொண்டு மற்ற இடங்களிலும் அதைக் குறைத்துவிடும். இது உமி.

அறையின் முழக்கம் அப்படிப்பட்டதன்று. நம் ஊரின் வெயிலில் ஒலி நொடிக்கு ஏறத்தாழ 350 மீட்டர் ஓடுகிறது. மூன்று மீட்டர் அகலமுள்ள அறையின் நடுவே அமர்ந்து பேசினால், குரல் சுவரில் பட்டுத் திரும்பி மைக்குக்கு வர நொடியில் நூற்றில் ஒரு பங்குகூட ஆவதில்லை. மொசைக் தரை, பூச்சுச் சுவர், கான்கிரீட் கூரை என்று எல்லாப் பக்கமும் கடினமாக உள்ள நம் வீடுகளில் அது மீண்டும் மீண்டும் எதிரொலித்து, மூலக் குரலின் வால்போல நீள்கிறது. இந்த வால் வேறு எங்கிருந்தோ வந்த சத்தமன்று. உங்கள் குரலின் நகல்தான். நீங்கள் பேசும்போது மட்டுமே தோன்றுகிறது. ஒவ்வொரு எழுத்துக்கும் மாறுகிறது. ஆகவே மாதிரி எடுக்க அமைதியான இடம் கிடைப்பதில்லை. எடுத்தாலும், முழக்கத்தைக் குறைக்கும்போது குரலும் சேர்ந்து குறையும். இதுதான் அரிசியில் ஏறிய வாடை.

இதை எடிட்டிங்கில் போக்க முயல்வதைவிட, பேசுவதற்கு முன் தடுப்பது எவ்வளவோ எளிது. கூடத்தை விட்டுவிட்டுப் படுக்கையறைக்குச் செல்லுங்கள். துணி நிறைந்த அலமாரியின் கதவைத் திறந்துவைத்து அதை நோக்கிப் பேசுங்கள். முதுகுப் பக்கச் சுவரில் கனமான ஜமுக்காளமோ கம்பளியோ தொங்கவிடுங்கள். எல்லாவற்றுக்கும் மேலாக, மைக்கை வாயிலிருந்து ஒரு சாண் தொலைவில் வையுங்கள். தொலைவைப் பாதியாக்கும்போது மைக்கை அடையும் நேர்க்குரல் ஏறத்தாழ 6 டெசிபல் கூடுகிறது. சுவரிலிருந்து திரும்பும் முழக்கமோ ஏறக்குறைய பழைய அளவிலேயே நிற்கிறது. காசு செலவில்லாமல், மைக்கை நகர்த்துவதன் மூலம் மட்டுமே இந்த ஆதாயம் கிடைக்கிறது. புதிய மைக் வாங்கலாமா என்று கேட்பவர்களிடம் நான் முதலில் கேட்பது, இப்போதுள்ளதை எவ்வளவு தொலைவில் வைத்திருக்கிறீர்கள் என்பதைத்தான்.

மூன்றாவதாக ஒன்றும் உண்டு. ஆடி மாதத்தில் தெருமுனை அம்மன் கோயிலில் மைக் செட் கட்டிப் பாட்டுப் போட்டிருக்கும்போது நீங்கள் பதிவு செய்தால், அந்தப் பாட்டு உங்கள் பேச்சுக்கு அடியில் ஓடிக்கொண்டிருக்கும். அது வெளியிலிருந்து வந்த சத்தம்தான், ஆனால் சீரானதன்று. கணத்துக்குக் கணம் மாறுவதால், அதற்கு மாதிரி எடுக்க இயலாது. சித்திரைத் திருவிழா நாள்களில் மாசி வீதிகளுக்குப் பக்கத்தில் இருப்பவர்கள் பதிவு நேரத்தை மாற்றிக்கொள்வதைத் தவிர வேறு வழியில்லை. வண்டி ஹாரனோ நாய்க் குரைப்போ குறுக்கிட்டால், அது ஓயும்வரை காத்திருந்து, அந்த வாக்கியத்தை முதலிலிருந்து மறுபடி சொல்வதே தீர்வு.

ஆக, சீரான இரைச்சலைப் பதிவுக்குப் பிறகு குறைக்கலாம். முழக்கத்தையும் மாறும் சத்தத்தையும் பதிவுக்கு முன்பே தவிர்க்க வேண்டும்.

## வெட்டுதல்: நேரம் எங்கே போகிறது

தனியாகச் செய்பவரின் நேரத்தை விழுங்குவது இந்தப் படிதான். அரை மணி நேரப் பேச்சில் தவறான இடங்களைத் தேடி, அரை மணி நேரமும் கேட்க வேண்டியிருக்கிறது. ஒவ்வோர் இடத்திலும் நிறுத்தி, பின்னோக்கி நகர்த்தி, மீண்டும் கேட்க வேண்டியிருக்கிறது. இதைச் சுருக்க எளிய வழி ஒன்று உண்டு. பேசும்போது நாக்கு குழறினால் பதிவை நிறுத்தாதீர்கள். பேச்சை மட்டும் நிறுத்தி, இரண்டு முறை கைதட்டி, இரண்டு நொடி சும்மா இருந்து, அந்த வாக்கியத்தை முழுவதுமாக முதலிலிருந்து சொல்லுங்கள். கைத்தட்டல் அலைவடிவத்தில் ஊசிபோல உயர்ந்து நிற்கும். எடிட்டிங்கின்போது ஊசி இருக்கும் இடங்களுக்கு மட்டும் சென்று, அதற்கு முந்தைய தவறான வாக்கியத்தை நீக்கினால் போதும். கண் செய்யும் வேலையைக் காதிடம் கொடுக்க வேண்டியதில்லை.

வாக்கியத்தின் நடுவிலிருந்து தொடராமல் முதலிலிருந்து சொல்ல வேண்டும் என்பதில் நான் பிடிவாதமாக இருக்கிறேன். தமிழில் வினைமுற்று கடைசியில் வருவதால், குரலின் ஏற்றமும் இறக்கமும் வாக்கியம் முழுவதையும் தழுவிச் செல்கின்றன. பாதியில் ஒட்டுப் போட்டால், சொற்கள் சரியாக இருந்தாலும் ராகம் இடறும்.

எங்கே வெட்டுவது என்பதற்கும் ஓர் அடிப்படை உண்டு. அலை உயர்ந்து நிற்கும் இடத்தில் அறுத்து, வேறோர் உயரத்தில் உள்ள துண்டோடு சேர்த்தால், ஒலி திடீரெனத் தாவுவதால் ‘டிக்’ என்ற சத்தம் கேட்கும். எனவே கோடு தட்டையாக உள்ள இடத்தில், அடுத்த மூச்சு தொடங்குவதற்குச் சற்று முன்பு வெட்ட வேண்டும். அப்போது மூச்சும் அதைத் தொடர்ந்த பேச்சும் சேர்ந்தே இருக்கும். மூச்சொலிகளை எல்லாம் தேடித்தேடி நீக்குபவர்கள் இருக்கிறார்கள். மூச்சே இல்லாத பேச்சைக் கேட்பவருக்கு, ஏன் என்று தெரியாமலேயே ஒருவித நெருக்கடி உண்டாகிறது. உரத்த மூச்சைக் குறைத்தால் போதும்.

இனி, எதை வெட்டுவது. ஆங்கிலத்துக்காக எழுதப்பட்ட வழிகாட்டிகள் ‘அம்’, ‘அஹ்’ என்ற இழுப்புகளை நீக்கச் சொல்கின்றன. நம் பேச்சில் அந்த இடத்தை ‘வந்து’, ‘அதாவது’, ‘பாத்தீங்கன்னா’, ‘என்ன சொல்றதுன்னா’ ஆகியவை பிடித்துக்கொண்டிருக்கின்றன. ஒரே நிமிடத்தில் ‘பாத்தீங்கன்னா’ ஐந்து முறை வந்தால் மூன்றை நீக்கலாம். ஐந்தையும் நீக்கக் கூடாது. திருப்பரங்குன்றத்தில் வசிக்கும் ஓய்வுபெற்ற வரலாற்று ஆசிரியை ஒருவரின் பதிவுகளுக்கு நான் உதவிவருகிறேன். இளைஞர் ஒருவர் எடிட் செய்து கொடுத்த பகுதியைக் கேட்டுவிட்டு அவர் சொன்னார்: “தம்பி, எல்லாத்தையும் வெட்டிப்புட்டா நான் பேசுன மாதிரியே இல்லையேப்பா.” அவர் சொன்னது முழுவதும் சரி. ‘அங்கிட்டு’, ‘இங்கிட்டு’ என்று அவர் இயல்பாகச் சொல்வதும், ஒரு கேள்வியைக் கேட்டுவிட்டு அவர் நிறுத்தும் அந்த ஒரு நொடியும் அவருடைய வகுப்பறையின் அழகு. அவற்றை நீக்கியபின் எஞ்சியது செய்தி வாசிப்பாக இருந்தது.

இந்த இடத்தில் தமிழுக்கே உரிய ஓர் ஆபத்தையும் சொல்ல வேண்டும். பல மென்பொருள்களில் அமைதியான இடங்களைத் தானாகவே சுருக்கும் வசதி இருக்கிறது. அந்த ஆசிரியை கீழடியைப் பற்றிப் பேசிய பதிவில், ‘கீழடியில் கிடைத்த பானை ஓடுகள்’ என்ற தொடரைத் திரையில் பெரிதாக்கிப் பார்த்தால், ‘கிடைத்த’ என்ற சொல்லின் நடுவிலேயே கோடு ஒரு கணம் தட்டையாகிறது. ‘த்த’ என்று சொல்வதற்காக நாக்கு பல்லில் அழுந்தி, காற்று முழுவதும் அடைபடும் நேரம் அது. ‘பாடு’ என்பதையும் ‘பாட்டு’ என்பதையும் காது வேறுபடுத்துவதில் இந்த அடைப்பின் நீளத்துக்குப் பெரும் பங்கு உண்டு. சுருக்கும் கருவியை மிகச் சிறிய அமைதியைக்கூடப் பிடிக்குமாறு வைத்தால், அது சொற்களுக்கு இடையிலுள்ள இடைவெளியோடு, சொல்லுக்குள் இருக்கும் வல்லின இரட்டிப்பையும் தின்றுவிடும். பேச்சு அவசரமாகவும் மழுங்கலாகவும் கேட்கும். எனவே அரை நொடிக்குக் குறைவான அமைதியை அந்தக் கருவி தொடாதவாறு வையுங்கள். முக்கால் நொடி என்று வைத்தால் இன்னும் நல்லது.

வெட்டும் வேலையின் அடிப்படை இவ்வளவுதான்: கைத்தட்டலைப் பார்த்துத் தவறுகளை நீக்குவது, கோடு தட்டையான இடத்தில் வெட்டுவது, பேசுபவரின் இயல்பை விட்டுவைப்பது.

## சுத்தம் செய்தல்

ஆடாசிட்டி என்பது 2000-ஆம் ஆண்டிலிருந்து கிடைத்துவரும் இலவச, திறமூல மென்பொருள். விண்டோஸ், மேக், லினக்ஸ் மூன்றிலும் இயங்குகிறது. ஒற்றைக்குரல் பாட்காஸ்டுக்குத் தேவையான எல்லாம் அதிலேயே இருப்பதால், அதை வைத்தே சொல்கிறேன்.

பதிவின் தொடக்கத்தில் ஐந்து நொடி பேசாமல் இருந்து பதிவு செய்த துண்டு உங்களிடம் இருக்க வேண்டும். ரூம் டோன் என்று அழைக்கப்படும் இந்தத் துண்டு, அறையின் வெறும் ஓசையை மட்டும் கொண்டது. அதைத் தேர்ந்தெடுத்து, நாய்ஸ் ரிடக்‌ஷன் என்ற கருவியில் மாதிரியாகக் கொடுத்து, பிறகு முழுப் பதிவையும் தேர்ந்தெடுத்து அதே கருவியை இயக்க வேண்டும். அது ஒலியைத் தாழ்ந்த அதிர்வு முதல் உயர்ந்த அதிர்வு வரை பல பட்டைகளாகப் பிரிக்கிறது. ஒவ்வொரு பட்டையிலும் இரைச்சல் எந்த உயரத்தில் இருந்தது என்பதை மாதிரியிலிருந்து அறிகிறது. அந்த உயரத்துக்குக் கீழே விழும் இடங்களை மட்டும் அடக்குகிறது. குரல் மேலெழும் இடத்தில் கைவைப்பதில்லை. 6 முதல் 12 டெசிபல் குறைத்தால் போதும். இரைச்சலை அடியோடு ஒழிக்க வேண்டும் என்று அளவை ஏற்றினால், குரலின் மெல்லிய பகுதிகளும் இரைச்சல் என்று கருதப்பட்டு அடக்கப்படும்; மிச்சமிருப்பது உலோகத்தன்மையோடு சலசலக்கும். லேசான மின்விசிறிச் சத்தத்தைக் கேட்பவர் சிறிது நேரத்தில் மறந்துவிடுவார். அந்தச் சலசலப்பை அவரால் மறக்க முடியாது.

அதோடு ஹை பாஸ் ஃபில்டர் ஒன்றை 80 ஹெர்ட்ஸில் வைக்கலாம். குறிப்பிட்ட எல்லைக்கு மேலுள்ள அதிர்வுகளை விட்டுவிட்டுக் கீழுள்ளவற்றைத் தடுக்கும் வடிகட்டி அது. பேச்சுக் குரலின் அடிப்படை அதிர்வு பெரும்பாலும் அந்த எல்லைக்கு மேலேயே இருப்பதால் குரலுக்குச் சேதமில்லை. லாரியின் உறுமல், மேசை அதிர்வு, 50 ஹெர்ட்ஸ் ரீங்காரம் ஆகியவை வெகுவாகக் குறைந்துவிடும்.

## சமன் செய்தல்: உச்சம் வேறு, உரப்பு வேறு

தொலைக்காட்சியில் நாடகம் முடிந்து விளம்பரம் வந்தவுடன் சத்தம் கூடியதுபோல் தோன்றுவதை எல்லோரும் அனுபவித்திருப்போம். இரண்டின் உச்ச அளவும் ஒன்றாகவே இருக்கலாம். ஆனால் நாடகத்தில் உச்சம் எப்போதோ ஒரு முறை வருகிறது. விளம்பரம் முழுவதும் உச்சத்துக்குப் பக்கத்திலேயே நிற்கிறது. நம் காது ஒரு கணத்தின் உச்சத்தை வைத்து உரப்பை மதிப்பிடுவதில்லை. சற்று நீண்ட நேரத்தின் சராசரியை வைத்தே மதிப்பிடுகிறது. அலைவடிவம் மேல் விளிம்பைத் தொடும்வரை ஒலியைப் பெருக்கிவிட்டால் போதும் என்று நினைப்பவர்கள் இங்கேதான் தவறுகிறார்கள். ஒரே ஒரு தும்மல் உச்சத்தைத் தொட்டிருந்தால், மற்ற பேச்சு முழுவதும் பள்ளத்திலேயே கிடக்கும்.

இதற்கு இரண்டு கருவிகள் தேவை. முதலாவது கம்ப்ரஷன். இந்தச் சொல்லைக் கேட்டதும் கோப்பின் அளவைச் சிறிதாக்குவது என்று பலர் புரிந்துகொள்கிறார்கள். அது வேறு வேலை. இங்கே கம்ப்ரஷன் என்பது, உரத்த இடத்துக்கும் மெதுவான இடத்துக்கும் உள்ள வேறுபாட்டைக் குறைப்பது. ஓர் எல்லையையும் ஒரு விகிதத்தையும் நாம் சொல்கிறோம். எல்லை −20 டெசிபல், விகிதம் 3-க்கு 1 என்று வைத்தால், எல்லையைத் தாண்டிச் செல்லும் ஒவ்வொரு மூன்று டெசிபலும் ஒரு டெசிபலாகச் சுருங்கும். −8 வரை எழுந்த சிரிப்பு எல்லையை 12 டெசிபல் தாண்டியிருக்கிறது; அந்த 12 இப்போது 4 ஆகி, சிரிப்பு −16-இல் வந்து நிற்கும். எல்லைக்குக் கீழே மெதுவாகச் சொன்ன சொல் அப்படியே இருக்கும். இப்போது முழுவதையும் ஒன்றாக உயர்த்தினால், மெதுவான சொல்லும் காதில் விழும். சிரிப்பும் காதைக் குத்தாது.

உயர்த்தும்போது சொற்களோடு பின்னணி இரைச்சலும் சேர்ந்தே உயரும். சுத்தம் செய்தல் சமன் செய்தலுக்கு முன்னே வர வேண்டும் என்று தொடக்கத்தில் சொன்னதன் காரணம் இதுதான். இரைச்சல் தாழ்ந்திருக்கும்போதே அதை நீக்கினால் சிறிதளவு நீக்கினாலே போதும்; உயர்ந்த பிறகு நீக்க முயன்றால் அதிகம் நீக்க வேண்டிவரும், குரல் கெடும்.

இரண்டாவது, லவுட்னஸ் நார்மலைசேஷன். காது உணரும் உரப்பைக் குறிப்பிட்ட ஓர் அளவுக்குக் கொண்டுவருவது. இதற்கான அளவுகோலைச் சர்வதேசத் தொலைத்தொடர்பு ஒன்றியம் 2006-இல் வெளியிட்டது. தாழ்ந்த அதிர்வுகளைக் காது குறைவாகவே உணர்கிறது என்பதையும் கணக்கில் கொண்டு சராசரியைக் காணும் முறை அது. அதன் அலகை லஃப்ஸ் என்று சொல்கிறார்கள். ஆப்பிள் பாட்காஸ்ட்ஸ் −16 லஃப்ஸ் அளவைப் பரிந்துரைக்கிறது; ஸ்பாட்டிஃபை −14-ஐ அடிப்படையாகக் கொள்கிறது. பேச்சுக்கு −16 என்று வைத்துக்கொண்டு, உச்சம் −1 டெசிபலைத் தாண்டாதவாறு லிமிட்டர் ஒன்றைப் போட்டால் போதும். லிமிட்டர் என்பது வரம்பை எந்த நிலையிலும் தாண்டவிடாத கடுமையான கம்ப்ரஷன். ஆடாசிட்டியின் உரப்புக் கருவியில், மோனோவை இரட்டை மோனோவாகக் கருதும் தேர்வு இருக்கும். அதிலுள்ள டிக் குறியை நீக்காமல் அப்படியே விட்டுவிடுங்கள்.

இந்தப் படி சரியாக அமைந்ததா என்பதற்கு எளிய சோதனை ஒன்று உண்டு. மலிவான இயர்போனை மாட்டிக்கொண்டு, மாட்டுத்தாவணியிலிருந்து ஆரப்பாளையம் செல்லும் டவுன் பஸ்ஸில் உங்கள் பகுதியைக் கேளுங்கள். முதலில் வைத்த ஒலியளவைக் கடைசிவரை கூட்டவோ குறைக்கவோ தேவைப்படவில்லை என்றால் சமன் செய்தது சரி. பயனுள்ள இன்னொரு செய்தி: இந்தப் படியில் வரும் கருவிகளின் அளவுகளை ஒரு முறை முடிவுசெய்துவிட்டால், ஆடாசிட்டியின் மேக்ரோ வசதியில் அவற்றை வரிசையாகச் சேமித்துவைத்து, அடுத்த பகுதிக்கு ஒரே சொடுக்கில் இயக்கலாம். ஒரே அறை, ஒரே மைக், ஒரே தொலைவு என்றிருப்பவருக்கு இதைவிடப் பெரிய நேரச் சேமிப்பு வேறில்லை.

## தானாகச் செய்யும் கருவிகள்

பேச்சை எழுத்தாக மாற்றி, எழுத்தில் ஒரு சொல்லை அழித்தால் ஒலியிலும் அழியுமாறு செய்யும் கருவிகள் இப்போது வந்திருக்கின்றன. கருத்து நல்லது. ஆனால் வட்டாரப் பேச்சை எழுத்தாக்குவதில் அவை இன்னும் தடுமாறுகின்றன. வெற்றுச் சொற்களைத் தானாக நீக்கும் வசதியைத் தமிழில் கண்ணை மூடிக்கொண்டு நம்பக் கூடாது. ‘அது வந்து, ரொம்பப் பழைய கோயில்’ என்பதில் நீக்கத்தக்க அதே ‘வந்து’, ‘அவர் மதுரைக்கு வந்து பத்து வருசம் ஆச்சு’ என்பதில் வாக்கியத்தின் முதுகெலும்பு. அதுபோல, ஒரே பொத்தானில் குரலை மெருகேற்றும் செயற்கை நுண்ணறிவுக் கருவிகள் இரைச்சலைக் குறைப்பதோடு நிற்பதில்லை. கெட்டுப்போன இடங்களில் குரல் எப்படி இருந்திருக்கும் என்று ஊகித்து அதை உருவாக்கவும் செய்கின்றன. ஊகத்தில் ல, ள, ழ தடம் மாறாமல் இருக்கின்றனவா என்று ஒரு முறை கேட்டுப் பார்த்தபின் பயன்படுத்துங்கள். முழக்கம் ஏறிய, மறுபடி பதிவுசெய்ய வாய்ப்பே இல்லாத பழைய ஒலிநாடா போன்றவற்றுக்கு இவை உண்மையில் பெரும் உதவி.

## கோப்பாக்குதல்

பதிவையும் எடிட்டிங்கையும் வேவ் வடிவத்தில் வைத்துக்கொண்டு, வெளியிடும்போது மட்டும் எம்பி3 ஆக மாற்ற வேண்டும். வேவ் எல்லா எண்களையும் அப்படியே காக்கிறது. எம்பி3, காதுக்குப் பெரும்பாலும் எட்டாத விவரங்களைத் தூக்கியெறிந்து கோப்பைச் சுருக்குகிறது. எறிந்தது திரும்ப வராது. எம்பி3-ஐத் திறந்து திருத்தி மீண்டும் எம்பி3 ஆகச் சேமித்தால் ஒவ்வொரு முறையும் இன்னும் சிறிது இழக்கிறோம். கைபேசிப் பதிவைக் கணினிக்கு வாட்ஸ்அப் வழியாக அனுப்புபவர்கள், வாய்ஸ் மெசேஜாக அனுப்பாமல் டாக்குமெண்டாக அனுப்ப வேண்டியதும் இதனால்தான்.

ஒற்றைக் குரலுக்கு ஸ்டீரியோ தேவையில்லை, மோனோ போதும். பிட்ரேட், அதாவது ஒரு நொடி ஒலிக்காகச் செலவிடும் தரவின் அளவு, மோனோப் பேச்சுக்கு 64 கிலோபிட் இருந்தால் தெளிவாகக் கேட்கும். அந்த அளவில் 30 நிமிடப் பகுதி ஏறத்தாழ 14 மெகாபைட்டில் அடங்கும். அதே பகுதி மோனோ வேவ் கோப்பாக ஏறத்தாழ 159 மெகாபைட் வரும். டேட்டா பேக்கை எண்ணிச் செலவு செய்யும் கேட்பவருக்கு இந்த வேறுபாடு பெரிது.

வெட்டாத மூலப் பதிவை, எடிட்டிங் முடிந்ததும் இடம் அடைக்கிறது என்று அழித்துவிடாதீர்கள். தேதியும் தலைப்பும் கோப்பின் பெயரிலேயே இருக்குமாறு எழுதி, கணினியில் ஒன்றும் தனி ஹார்டு டிஸ்க்கில் ஒன்றுமாக இரண்டு பிரதிகள் வையுங்கள். இன்று நாய்ஸ் ரிடக்‌ஷனை அதிகமாகப் போட்டுவிட்டதாக ஓர் ஆண்டு கழித்துத் தோன்றினால், மூலப் பதிவு இருப்பவர் அந்தப் பகுதியை மீண்டும் சுத்தம் செய்து வெளியிட்டுவிடலாம்.